பருவமழையின் கடிவாளம் 16 கி.மீ. உயரத்தில்: மேல்வானக் காற்றை அளக்கும் புணே

புது தில்லி: தென்மேற்குப் பருவமழை இந்த ஆண்டு எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு அரசின் அதிகாரபூர்வமான விடை, ஆண்டுதோறும் ஏப்ரல் மாத நடுவில் தலைநகரில் வெளியாகிறது. உர நிறுவனங்கள், வங்கிகள், பங்குச் சந்தை, மாநில அரசுகள் என அனைத்தும் அந்த ஒரு சதவீதக் கணக்குக்காகக் காத்திருக்கின்றன. அறிவிப்புதான் தில்லியில் வெளியாகிறது. அதற்கான கணக்கு போடப்படுவது மகாராஷ்டிர மாநிலத்தின் புணே நகரில்.

அந்நகரின் சிவாஜி நகர் பகுதியில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அலுவலகமும், பாஷாண் சாலையில் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனமும் உள்ளன. நாட்டின் மழையைக் கணிக்கும் இவ்விடங்களில் மழைமானிக்கு இரண்டாம் இடம்தான். பசிபிக் பெருங்கடலின் வெப்பநிலையும், தரையிலிருந்து பல கிலோ மீட்டர் உயரத்தில் ஓடும் காற்றுமே முதலில் கவனிக்கப்படுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தக் காற்று திசை மாறினால் பஞ்சாபில் மழை நிற்கும். இமயமலையில் வெள்ளம் வரும். சில வேளைகளில் சென்னையில் இடி இடிக்கும்.

ஜூலை மாதத்துச் சென்னையையே எடுத்துக்கொள்ளலாம். தரையில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும். அதே நேரத்தில், நகரின் தலைக்கு மேலே 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் காற்று நேர் எதிர்த் திசையில், கிழக்கிலிருந்து மேற்காக, மணிக்கு 100 கி.மீ.க்கும் அதிக வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கும். பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்தையும் தாண்டியது அது. ஆடி மாதக் காலை வேளையில் பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோலத் தெரியும் மெல்லிய மேகங்கள் கடல் பக்கமிருந்து மேற்கு நோக்கி நகர்வதைக் கூர்ந்து பார்ப்பவர்கள் காணலாம். தரைக் காற்றின் திசைக்கும் அந்த மேகங்கள் செல்லும் திசைக்கும் தொடர்பே இராது.

வானிலை அறிவியலில் இதற்கு வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்று என்று பெயர். ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டுமே நீடிக்கும் இந்தக் காற்றாறு, தென்கிழக்கு ஆசியாவுக்கு மேலே உருவாகி, தென்னிந்தியாவுக்கு மேலே உச்ச வேகத்தை அடைந்து, அரபிக் கடலைக் கடந்து ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதி வரை செல்கிறது. அதன் மைய அச்சு ஏறத்தாழச் சென்னையின் அட்சரேகையை ஒட்டி அமைந்திருப்பது தமிழகத்தில் பலரும் அறியாத செய்தி.

சிம்லா ஆபீஸ்: புணேயில் வானிலைத் துறையின் பழைய கற்கட்டடத்தை ஊர் மக்கள் இன்றும் "சிம்லா ஆபீஸ்' என்றே அழைக்கின்றனர். 1875-இல் கொல்கத்தாவில் தொடங்கப்பட்ட துறையின் தலைமையகம் பின்னர் சிம்லாவுக்குச் சென்று, அங்கிருந்து 1928-இல் புணேக்கு வந்தது. அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் இது. 1944-இல் தலைமையகம் தில்லிக்கு மாறிய பிறகும் பெயர் மாறவில்லை. பருவமழை ஆராய்ச்சியும் புணேயை விட்டு அகலவில்லை.

மேல்வானத்தை அளப்பது அந்நாளில் எளிதாக இல்லை. ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் சிறு பதிவுக் கருவியைக் கட்டிப் பறக்கவிடுவர். உயரே சென்று பலூன் வெடித்ததும் கருவி எங்கோ ஒரு வயலிலோ காட்டிலோ விழும். அதை யாரேனும் கண்டெடுத்துத் திருப்பி அனுப்பினால்தான் அளவு கிடைக்கும். 1914-இல் ஆக்ராவில் தொடங்கப்பட்ட மேல்வான ஆய்வகம் இப்படித்தான் தகவல்களைச் சேர்த்தது.

பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில் பிறந்தவரும் சர் சி.வி. ராமனின் மாணவருமான கே.ஆர். ராமநாதன், வானிலைத் துறையில் பணியாற்றியபோது இவ்வகை அளவுகளைத் தொகுத்து 1929-இல் "நேச்சர்' இதழில் எழுதினார். வளிமண்டலத்தின் கீழ்ப் பகுதியில் மிகக் குளிர்ந்த காற்று துருவங்களுக்கு மேலே இல்லை, பூமத்திய ரேகைப் பகுதிக்கு மேலே சுமார் 17 கி.மீ. உயரத்தில்தான் உள்ளது என்பதை அவரது வரைபடம் காட்டியது. சுட்டெரிக்கும் வெப்பமண்டலத்தின் தலைக்கு மேலேதான் மைனஸ் 80 டிகிரியை ஒட்டிய குளிர் உறைந்திருக்கிறது. கீழை ஜெட் காற்று ஓடுவதும் இந்தக் குளிர் அடுக்குக்குச் சற்றே கீழேதான்.

பின்னர், வானொலி அலைவழியாக அளவுகளை உடனுக்குடன் அனுப்பும் ரேடியோசோண்டே கருவிகள் வந்தன. கருவி காணாமல் போனாலும் தகவல் தப்பிவிடும். புணே கருவிப் பிரிவில் எஸ்.பி. வெங்கிடேஸ்வரன் தலைமையில் இந்தியத் தயாரிப்பாகவே ஒரு வகை உருவானது. மேலே ஏறும்போது காற்றில் சுழலும் சிறு விசிறி ஒன்று, வெப்பநிலை, ஈரப்பதம் முதலிய உணரிகளை மாறி மாறி இணைக்கும் என்பதே அதன் உத்தி. 1948-இல் அப்பிரிவில் சேர்ந்தவர் அன்னா மாணி. பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, ராமனின் ஆய்வகத்தில் பணியாற்றியவர் அவர். வெளிநாட்டு இறக்குமதியை நம்பியிருந்த வானிலைக் கருவிகளை உள்நாட்டிலேயே தரப்படுத்தித் தயாரிப்பதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார். தவறான அளவு கிடைப்பதைவிட அளவே இல்லாதிருப்பது மேல் என்ற கண்டிப்பில் கருவிகள் சோதிக்கப்பட்டன. பிற்காலத்தில் அந்தக் கண்டிப்பு எந்த அளவுக்குத் தேவைப்பட்டது என்பது தனிக் கதை.

இந்தப் பலூன் அளவுகளை வைத்துத்தான், பின்னாளில் துறையின் தலைமை இயக்குநரான பி. கோட்டீஸ்வரம், கோடைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்கிலிருந்து ஒரு ஜெட் காற்று ஓடுவதை நிறுவினார். ஸ்டாக்ஹோமிலிருந்து வெளிவந்த "டெல்லஸ்' ஆய்விதழில் 1958-இல் அவரது கட்டுரை வெளியானது. ஜெட் காற்று என்றாலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடுவது என்று உலகம் எண்ணியிருந்த காலம் அது.

கட்டுரை எந்த மொழியில், எங்கே வெளியாகிறது என்பதும் அறிவியலில் முக்கியம்தான் போலும். ஜப்பானின் டடேனோ ஆய்வகத்தில் வசாபுரோ ஓயிஷி என்ற விஞ்ஞானி 1920-களிலேயே மேலை ஜெட் காற்றை அளந்துவிட்டார். உலகமெல்லாம் படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை வெளியிட்டார், யாரும் படிக்கவில்லை. 1944-இல் ஜப்பான் மீது குண்டு வீசச் சென்ற அமெரிக்க விமானங்கள் எதிர்க்காற்றில் தடுமாறிய பிறகே மற்றவர்களுக்கு அது தெரியவந்தது. இந்தியாவுக்கும் இத்தகைய ஓர் ஆதங்கம் உண்டு. அரபிக் கடலிலிருந்து கேரள, கர்நாடகக் கரைகளின் மீது சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்தில் பாய்ந்து மழையைக் கொண்டுவந்து கொட்டும் தாழ்நிலை ஜெட் காற்றைப் பற்றி, வானிலைத் துறையின் பி.வி. ஜோசப்பும் பி.எல். ராமனும் 1966-இலேயே எழுதினர். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அதன் முழுப் பாதையையும் 1969-இல் விவரித்த பிரிட்டிஷ் ஆய்வாளர் பின்ட்லேட்டரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. குடகு மலையில் மழை பெய்து காவிரி பெருகுவது இந்தக் காற்றின் வலுவைப் பொறுத்தே.

திபெத்தின் பங்கு: இந்தக் காற்றுகளுக்கெல்லாம் விசை எங்கிருந்து கிடைக்கிறது? குளிர்காலத்தில் இமயமலைக்குத் தெற்கே, வட இந்தியாவின் மீது சுமார் 12 கி.மீ. உயரத்தில் மேலை ஜெட் காற்று ஓடுகிறது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் "மேற்கத்திய இடையூறுகள்' என்ற மழை மேகக் கூட்டங்களை இழுத்து வந்து, காஷ்மீருக்குப் பனியையும் பஞ்சாப் கோதுமைக்கு மழையையும் தருவது இதுதான். மே மாதக் கடைசியிலிருந்து ஜூன் வரையிலான நாள்களில் இந்தக் காற்று இமயமலையைத் தாண்டி, திபெத்துக்கு வடக்கே விலகிச் செல்கிறது. அது வழிவிட்டால்தான் பருவமழை வட இந்தியாவுக்குள் நுழையும். இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பு 1949-இலேயே சுட்டிக்காட்டப்பட்டது.

சராசரியாக நான்கரை கி.மீ.க்கும் அதிக உயரமுள்ள திபெத்தியப் பீடபூமி, கோடையில் நடு வானில் வைத்த அடுப்பைப் போலக் காய்கிறது. வங்கக் கடலிலும் வடகிழக்கிலும் கொட்டும் மழையால் வெளிப்படும் வெப்பமும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. மேலே எழும் காற்று உச்சியில் விரிந்து சுழல, அதன் தென் விளிம்பில் கீழை ஜெட் காற்று பிறக்கிறது. திபெத்தின் வெப்பத்தைவிட, வடக்கின் குளிர்ந்த வறண்ட காற்றை இமயமலை சுவர்போலத் தடுப்பதே முக்கியம் என்று 2010-இல் "நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று வாதிட்டது. அந்த விவாதம் முழுமையாக முடிந்துவிடவில்லை.

கேரளத்தில் ஒரு வாரமாக மழை கொட்டினாலும் "பருவமழை இன்னும் தொடங்கவில்லை' என்று வானிலைத் துறை சொல்வதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. 2006 முதல் பின்பற்றப்படும் விதிப்படி, மே 10-க்குப் பிறகு மினிக்காயிலிருந்து மங்களூர் வரை குறிப்பிட்ட 14 நிலையங்களில் 60 சதவீத இடங்களில் தொடர்ந்து இரு நாள்கள் மழை பெய்தால் மட்டும் போதாது. மேலைக் காற்று சுமார் 4 கி.மீ. உயரம் வரை நிலைகொண்டிருக்க வேண்டும். அதன் வேகமும், மேகங்களின் அடர்த்தியும் நிர்ணயித்த அளவை எட்ட வேண்டும். காற்று அமையாத மழை கோடை மழைதான். இரண்டொரு நாளில் ஓடிவிடும். 2025-இல் இந்த நிபந்தனைகள் மே 24-ஆம் தேதியே நிறைவேறின. வழக்கமான தேதி ஜூன் 1.

பொய்த்த கணிப்பு: மேல்வானக் காற்றைக் கணிப்புக்குப் பயன்படுத்துவதில் புணே பெற்ற கசப்பான பாடம் 2002-ஆம் ஆண்டுக்கு உரியது. அதற்கு முன் 1988 முதல், வசந்த் கோவாரிகர் தலைமையில் உருவான "16 காரணிகள்' முறை நடைமுறையில் இருந்தது. ஏப்ரலில் இந்தியாவுக்கு மேலே சுமார் 6 கி.மீ. உயரத்தில் உள்ள உயர் அழுத்த வரம்பு எந்த அட்சரேகையில் நிற்கிறது என்பது அவற்றில் ஒன்று. அது வடக்கே தள்ளி நின்றால் நல்ல மழை. ஜனவரியில் 30 கி.மீ. உயரத்தில் வீசும் காற்று இன்னொன்று. இதற்கு மத்திய அமெரிக்காவில் பனாமா நாட்டின் பல்போவா என்ற இடத்தின் அளவுகள் கவனிக்கப்பட்டன. பனாமாவின் வானத்துக் காற்றுக்கும் விதர்பா விவசாயியின் பருத்திக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், கடந்த காலப் புள்ளிவிவரங்களில் பொருத்தம் இருந்தது என்பதே பதில்.

1988 முதல் 2001 வரை நாட்டின் மொத்த மழை பெரிதாகப் பொய்க்கவில்லை. கணிப்பும் சரியாக இருப்பதாகத் தோன்றியது. 2002-இலும் வழக்கமான மழையே என்று அறிவிக்கப்பட்டது. ஜூலையில் வழக்கத்தில் ஏறத்தாழப் பாதி மழைதான் பெய்தது. பருவம் முடிந்தபோது பற்றாக்குறை 19 சதவீதம். விதைத்த பயிர் கருகியது. காவிரி டெல்டாவில் குறுவை கைவிட்டுப் போனது. புள்ளிவிவரப் பொருத்தங்கள் காலப்போக்கில் வலுவிழந்துவிடும் என்பதும், அவ்வாறு வலுவிழந்தவற்றையும் நம்பியே கணக்கு போடப்பட்டிருந்தது என்பதும் அதன் பிறகே உறைத்தது. அடுத்த ஆண்டே அந்த முறை மாற்றப்பட்டது. ஆனாலும் 2009-இல் பற்றாக்குறை 22 சதவீதத்தைத் தொட்டபோது, அதன் கடுமையைப் புதிய முறையும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இத்தகைய வறட்சிகளுக்கு எல் நினோ மட்டுமே காரணமன்று. வடக்கே விலகிச் சென்ற மேலை ஜெட் காற்று சில ஆண்டுகளில் வளைந்து நெளிந்து மீண்டும் தெற்கே இறங்குகிறது. மேற்கு ஆசியாவிலிருந்து குளிர்ந்த வறண்ட காற்று இந்தியாவின் நடு வானில் புகுந்து மேகங்கள் உயர்ந்து வளர விடாமல் தடுக்கிறது. மழை ஓய்கிறது, ஓய்ந்த மழையால் மேல்வானம் மேலும் குளிர்ந்து, வறண்ட காற்றுக்கு இன்னும் வழிவிடுகிறது. புணே வெப்பமண்டல நிறுவன ஆய்வாளர்கள் இந்த விஷச் சுழலை விரிவாக ஆராய்ந்துள்ளனர். மத்திய இந்தியா மழையின்றி வாடும் அதே நாள்களில்தான் தமிழகத்தில் மாலை நேர இடிமழை கூடுகிறது என்பது இதில் ஒரு வேடிக்கை.

அதே மேலைக் காற்று, ஈரமான பருவக்காற்றின் மீது நேராக மோதினால் விளைவு வேறு. 2013 ஜூன் 16, 17-இல் உத்தரகண்டில் நடந்தது அதுதான். வழக்கத்தைவிட ஒரு மாதம் முன்னதாகவே நாடு முழுவதும் பரவிவிட்ட பருவமழை, இன்னும் வடக்கே விலகாத மேலைக் காற்றின் தாழ்வுப் பகுதியைச் சந்தித்தது. கேதார்நாத் உள்ளிட்ட பகுதிகளில் 5,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். 2023 ஜூலை 8 முதல் 10 வரை ஹிமாசலப் பிரதேசத்தில் மீண்டும் அதேபோன்ற சந்திப்பு. பியாஸ் ஆறு கரைபுரண்டு வீடுகளையும் பாலங்களையும் அடித்துச் சென்றது. வட மாநிலங்களில் பெய்த அந்த மழை தில்லியையும் விடவில்லை. ஜூலை 13-இல் யமுனை 208.66 மீட்டர் உயரத்தைத் தொட்டு, 1978-ஆம் ஆண்டின் சாதனையை முறியடித்தது.

புயலுக்குத் தடை: கீழை ஜெட் காற்றால் நேரடி நன்மை ஒன்றும் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் வங்கக் கடல் போதிய வெப்பத்துடன் இருந்தும் பெரும் புயல்கள் உருவாவதில்லை. கீழே மேலைக் காற்று, மேலே கீழைக் காற்று என எதிரெதிராக வீசுவதால், எழும் மேகக் கோபுரம் செங்குத்தாக நிற்க முடியாமல் சாய்ந்து சிதறுகிறது. அக்டோபரில் அந்த ஜெட் காற்று மறைந்ததும் தடை நீங்குகிறது. தமிழகக் கரைக்குப் புயல் காலம் அப்போது தொடங்குவது தற்செயல் அல்ல.

இந்தத் தடை வலுவிழந்து வருகிறதா என்பது ஆய்வாளர்களிடையே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நிலவும் கேள்வி. 1950-களுடன் ஒப்பிடும்போது கீழை ஜெட் காற்றின் வேகமும் பரப்பும் குறைந்துவிட்டன என்று 2000-களில் வெளியான ஆய்வுகள் கூறின. 2024 ஆகஸ்ட் 30-இல் கட்ச் கரையருகே அரபிக் கடலில் "அஸ்னா' புயல் உருவானபோது இந்தக் கேள்வி மீண்டும் எழுந்தது. 1976-க்குப் பிறகு ஆகஸ்ட் மாதத்தில் அரபிக் கடலில் உருவான முதல் புயல் அது. எனினும் ஒரு புயலை வைத்து முடிவு கட்ட இயலாது. பழைய பலூன் அளவுகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற சிக்கலும் உள்ளது.

சிக்கல் அங்கேதான். ஒரு கட்டத்தில் இந்திய ரேடியோசோண்டே அளவுகளின் தரம் உலகக் கணிப்பு மையங்களின் நம்பிக்கையைப் பெறவில்லை. அன்னா மாணி போன்றோர் வலியுறுத்திய கண்டிப்பு பின்னர் தளர்ந்துபோனதன் விளைவு என்றே இதைக் கொள்ள வேண்டியுள்ளது. 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜி.பி.எஸ். கருவி பொருத்திய பலூன்கள் படிப்படியாக வந்த பிறகு நிலைமை மேம்பட்டது. திருப்பதி அருகே கடங்கியில் 1990-களில் நிறுவப்பட்ட பெரும் ரேடார், பலூன் இன்றியே கீழை ஜெட் காற்றை அளக்கிறது. இன்சாட் செயற்கைக்கோள்கள் மேகங்களின் நகர்வைக் கொண்டு காற்றைக் கணிக்கின்றன. மேகம் இல்லாத இடத்தில்? லேசர் கதிரால் காற்றை அளந்த ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் "ஏயோலஸ்' செயற்கைக்கோள் அதற்கு வழிகாட்டியது, 2018-இல் ஏவப்பட்ட அதன் பணி 2023-இல் முடிந்துவிட்டது.

கணக்கிடும் திறன் மட்டும் வேகமாக வளர்ந்துள்ளது. 2012-இல் தொடங்கிய பருவமழை இயக்கத்தின் கீழ், கடலையும் வளிமண்டலத்தையும் இணைத்துக் கணிக்கும் முறை கொண்டுவரப்பட்டது. 2021 முதல் பல நாடுகளின் கணிப்பு மாதிரிகளும் சேர்த்துக்கொள்ளப்படுகின்றன. புணே நிறுவனத்தில் 2018-இல் "பிரத்யுஷ்', 2024-இல் "அர்கா' என்ற மீத்திறன் கணினிகள் நிறுவப்பட்டன. நாட்டை 6 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கும் "பாரத் முன்கணிப்பு முறை' 2025 மே 26-இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் வழக்கமான மழையில் 105 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. பெய்தது 108 சதவீதம்.

ஆறு கி.மீ. கட்டமானாலும், தொடக்க நேரத்தில் மேல்வானக் காற்று எப்படி இருந்தது என்ற அளவு தவறாக இருந்தால் கணினியின் விடையும் தவறாகவே இருக்கும். எனவே, நாடெங்கும் உள்ள மேல்வான ஆய்வு நிலையங்களிலிருந்து நாள்தோறும் காலை 5.30, மாலை 5.30 மணிக் கணக்குக்கான பலூன்கள் இன்றும் கையால்தான் விடப்படுகின்றன. சென்னை மீனம்பாக்கத்திலிருந்து எழும் பலூன், ஆடி மாதத்தில் முதலில் கடல் பக்கம் சாய்ந்து, பாதி வானத்தைத் தாண்டியதும் திசை மாறி மேற்கே திரும்புகிறது.